அந்தப் பாட்டிக்குப் பெயர் இருக்கிறது

போட்டோ போட்டியில் பரிசு வாங்கிய அந்தப் பாட்டி படத்தைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று இன்பாக்ஸில் ஐந்தாறு பேர் கேட்டுவிட்டீர்கள். சரி, திறக்கிறேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, பக்கவாட்டு வெளிச்சம், முகச் சுருக்கமெல்லாம் வெடித்த கண்மாய் மாதிரித் தெரியும்படி எடிட்டிங்கில் கிளாரிட்டியை ஏற்றி வைத்திருக்கிறார் எடுத்தவர். பாட்டி பெயர் என்ன என்று கமெண்டில் ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்குத் தாங்கவில்லை: "கேட்கலை ப்ரோ, மொமென்ட் போயிடும்."

பெயர் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? லென்ஸ் துடைக்கிற நேரம்கூட ஆகாது.

உடனே அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங்கை இழுத்து வருவீர்கள். 1936இல், பிழைப்புக்காக ஊர் ஊராய்ப் போன அந்தக் கூலித் தாயை, 'மைக்ரன்ட் மதர்' என்று உலகமே அறிந்த படத்தில் எடுத்தபோது அவரும் பெயர் கேட்கவில்லைதான். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே வர 1978 ஆனது. வந்ததும் அந்த அம்மா என்ன சொன்னார்? என்னை எடுக்காமலே இருந்திருக்கலாம், பேர்கூடக் கேட்கவில்லை என்றார். பெரிய ஆளே செய்தார் என்றால் தப்பு தப்பில்லை என்று ஆகிவிடுமா?

பொறாமை என்பீர்கள். ஆமாம், அதே போட்டிக்கு நானும் படம் அனுப்பினேன், முதல் சுற்றிலேயே போய்விட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பொது இடத்தில் கேட்காமல் எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. சித்திரைத் திருவிழாவில் பாம்படம் போட்ட ஒரு கிழவி வைகைக் கரையில் அசந்து உட்கார்ந்தால் போதும், பத்து லென்ஸ் சுற்றி நிற்கிறது. ஒருவர்கூட "ஆத்தா, எந்த ஊரு?" என்று கேட்பதில்லை.

எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரரைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. வயசாளி வந்தால் தோள் துண்டைச் சரிசெய்துவிட்டு விளக்கை முகத்துக்கு நேரே வைப்பார், சுருக்கம் அமுங்கிவிடும். மிச்சத்தை நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்வார். வந்தவர் எப்படித் தெரிய ஆசைப்பட்டாரோ அப்படி எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். அது கலை இல்லையாம்.

நான் மட்டும் யோக்கியனா என்று கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்கிய புதிதில் அப்பத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்தேன். "இருய்யா, பல்லு செட்ட மாட்டிட்டு, வேற சேலை கட்டிட்டு வாரேன்" என்றது. வேண்டாம், இப்படியே இருந்தால்தான் இயல்பாக இருக்கும் என்றேன். 85 எம்எம் லென்ஸில் ஓட்டை விழுந்த காதும் ஒட்டிய கன்னமும் அப்படியே வந்தது. முந்நூற்றுச் சொச்சம் லைக். அப்பத்தா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "பிச்சைக்காரி மாதிரில இருக்கேன்" என்று திருப்பிக் கொடுத்தது. நான் சிரித்தேன்.

அப்பத்தா போய்ச் சேர்ந்தபோது அஞ்சலி பிளெக்ஸுக்குப் படம் தேடினார்கள். என்னுடையதை எடுத்து நீட்டினேன். அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். "எங்கம்மா இப்படியாடா இருந்தா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஆதார் கார்டை எடுத்துவந்தார். நெற்றி நிறைய திருநீறு, வாயில் பல் செட். பெரிதாக்கியதில் புள்ளி புள்ளியாக உடைந்துபோன அந்தப் படம்தான் இன்றைக்கும் எங்கள் நடு வீட்டில் மாலையோடு தொங்குகிறது.