ரெண்டும் ஒண்ணுதான் மேடம்

ஒண்ணு இல்லங்க. ரெண்டும் ஒண்ணு இல்லவே இல்ல. ஒண்ணா இருந்தா எதுக்கு ரெண்டு பெட்டி, ரெண்டு விலை, ரெண்டு மாடல் நம்பர்? ஒரே பெட்டியில போட்டு ஒரே விலைக்கு வித்துட்டுப் போக வேண்டியதுதானே?

கவுன்சிலிங் முடிஞ்சு காலேஜ் திறக்குற சீசன்ல லேப்டாப் கடைப் பக்கம் போன எல்லாருக்கும் இந்த வசனம் காதுல விழுந்திருக்கும். இன்னைக்கு மாட்டினது ஒரு அம்மாவும், பி.இ. சேரப் போற அவங்க பொண்ணும். பட்ஜெட் 45 ஆயிரம். மேசை மேல ரெண்டு லேப்டாப். ஒரே கம்பெனி, ஒரே சில்வர் கலர், ரெண்டுலயும் ‘ரைசன் 5’ ப்ராசஸர்னு ஸ்டிக்கர். விலையில மூவாயிரம் வித்தியாசம். பொண்ணு நியாயமாத்தான் கேட்டுச்சு: “அண்ணா, இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?”

“ரெண்டும் ஒண்ணுதான் மேடம்.” பதில் அம்மாவைப் பார்த்து. கேட்டது பொண்ணு. “இது 7520யூ, அது 7530யூ. பத்து நம்பர்தான் வித்தியாசம்.”

பத்து நம்பராம்! அந்தப் பத்து நம்பருக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போமா? 7520யூ ப்ராசஸர்ல நாலு கோர், அதாவது கணக்குப் போடுற மூளை நாலு. 7530யூ-ல ஆறு. முன்னதுல எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளயே இருக்குற சின்ன மெமரி, 4 எம்பி, பின்னதுல 16 எம்பி. முன்னதுக்குள்ள இருக்கிறது ஜென் 2, அதாவது 2019-ல வந்த டிசைன். பின்னது ஜென் 3. கிராஃபிக்ஸ் முன்னதுல ரெண்டே யூனிட், பின்னதுல ஏழு. இதை எல்லாம் மறைக்கக்கூட இல்ல. ஏஎம்டி கம்பெனியே 2022-ல ஒரு படம் போட்டு விளக்குச்சு: நாலு இலக்கத்துல முதல் இலக்கம் எந்த வருஷத்து மாடல்னு சொல்லும், மூணாவது இலக்கம்தான் உள்ள இருக்குற டிசைன். 7520-ல மூணாவது இலக்கம் 2, அது ஜென் 2. 7530-ல 3, அது ஜென் 3. ஆக, முன்னாடி ‘7’னு ஒட்டினா 2019 சரக்கு 2023 மாடல் ஆயிடும். பழைய சோத்துக்குத் தாளிச்சுக் கொட்டி இன்னைக்கு ஸ்பெஷல்னு போர்டு மாட்டுற வேலை. அதை விளக்க ஒரு படம் வேற. வாங்க வர்றவங்க அந்தப் படத்தை பிரேம் போட்டுக் கையில வச்சுக்கிட்டா அலைவாங்க?

இது டிரெய்லர்தான். அடுத்து அந்தப் பொண்ணு கேட்டதுதான் மெயின் பிக்சர்: “அண்ணா, இதுல ராம் அப்புறமா ஏத்திக்கலாமா?”

ராம்னா ஓடுற வேலைக்கெல்லாம் இடம் குடுக்குற மெமரி. ஆமா, இல்ல. ரெண்டுல ஒரு பதில். அவ்வளவுதான் வேலை.

“8 ஜிபி போதும்மா, ஸ்டூடன்ட்டுக்கு தாராளம்.”

“இல்லண்ணா, ஏத்த முடியுமா?”

“ஏத்தலாம், ஏத்தலாம். எக்ஸ்பாண்டபிள்தான்.”

“உள்ள ஸ்லாட் இருக்கா?”

“சர்வீஸ் சென்டர்ல போட்டுக் குடுத்துடுவாங்கம்மா.”

“ஸ்லாட் இருந்தாத்தானே அண்ணா போடுவாங்க?”

இந்த இடத்துல சேல்ஸ்மேன் முகத்துல ஒரு சின்ன மழை மேகம். சீனியரைக் கூப்பிடுறாரு. சீனியர் வந்து, கேள்வியை முழுசாக் கேட்கிறதுக்கு முன்னாடியே, “1 டிபி வரைக்கும் போடலாம்மா”ங்கிறாரு. அது ஃபைல் சேமிக்கிற எஸ்எஸ்டி. கேட்டது ராம். “ராம் அண்ணா”ன்னு பொண்ணு திருத்துது. “ஆமா, ராம்தான். 1 டிபி.” 1 டிபி ராம்! இஸ்ரோவுக்கே போய்க் கேட்டாலும் யோசிச்சுத்தான் சொல்லுவாங்க. அப்புறம் கம்பெனி டீ-ஷர்ட் போட்ட ப்ரமோட்டர் வர்றாரு. ஓரத்துல இருக்குற எஸ்டி கார்டு ஓட்டையைக் காட்டி, “இதோ ஸ்லாட்”ங்கிறாரு. மனசாரக் காட்டுறாரு. கடைசியா மேனேஜர் வந்து, “எந்தக் காலேஜ்மா கிடைச்சிருக்கு? கட்ஆஃப் எவ்வளவு?”ன்னு விசாரிச்சு வாழ்த்திட்டுப் போயிட்டாரு. ராம் கேள்வி அனாதையா மேசை மேலயே கிடக்கு. நடுவுல அம்மா, “கலர் நல்லாத்தான் இருக்கு”ங்கிறாங்க. அங்க உருப்படியா உண்மை பேசினவங்க அவங்க ஒருத்தர்தான்.

இதுல வயிறெரியுற சங்கதி என்னன்னா, அந்தக் கேள்விக்கு லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். ப்ராசஸர் நம்பரே பதில் சொல்லிடும். 7520யூ, அதோட தம்பி 7320யூ, ரெண்டும் எல்பிடிடிஆர்5 மெமரியை மட்டும்தான் ஏத்துக்கும். அது போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டுற சமாச்சாரம். கழட்டவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. 8 ஜிபி வாங்கினா நாலாவது வருஷ ப்ராஜெக்ட் வரைக்கும் 8 ஜிபிதான். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் எமுலேட்டரும் குரோம்ல ஒரு பத்து டேபும் திறந்து வச்சா அந்த 8 ஜிபி எந்த மூலைக்கு?

நம்பர் தெரியாத மாடலா? டெமோ பீஸ் ஆன்லதானே இருக்கு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், அதுக்குள்ள மெமரி. கீழ ‘ஃபார்ம் ஃபேக்டர்’னு ஒரு வரி இருக்கும். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’னு போட்டிருந்தா ஒட்டினது, சோலி முடிஞ்சது. ‘சோடிம்’னு இருந்தா கழட்டி மாட்டுற ஸ்டிக். பக்கத்துல ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’னு இருக்குறதை மட்டும் நம்பாதீங்க. ஒட்டின சிப்பைக்கூட ‘4-ல 4’, ‘8-ல 8’னு ஸ்லாட் கணக்குல காட்டித் தொலைக்கும். பாதி ஒட்டினது, பாதி ஸ்லாட்னு கலந்து கட்டின மாடலும் உண்டு. அதுக்குக் கம்பெனியோட சர்வீஸ் மேனுவலைப் பார்க்கணும். ஹெச்பி, டெல் ரெண்டு பேரும் தங்களோட சைட்லயே இலவசமா வச்சிருக்காங்க. லெனோவோவுக்கு ‘பிஎஸ்ரெஃப்’னு தனி சைட்டே இருக்கு. முழு மாடல் நம்பரைப் போட்டா ராம் ஒட்டினதா, ஸ்கிரீன் வெளிச்சம் எத்தனை நிட்ஸ், பேட்டரி எத்தனை வாட் ஹவர்னு புட்டுப் புட்டு வைக்கும். முழு நம்பர்னா முழு நம்பர். பெட்டி மேல பெருசா இருக்குற பேர் இல்ல, ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல இருக்கும் பாருங்க, அது. ஒரே பேர்ல பத்து விதமான உள்ளடக்கம் விக்கிறாங்க. வால்ல ஒரு எழுத்து மாறினா ஸ்கிரீனே மாறிடும்.

“அப்புறமா ராம் போட்டுக்கலாம், சீப்புதான்”னு சொல்ற அறிவாளிகளுக்கும் சேர்த்தே சொல்லிடுறேன். 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் ரெண்டாயிரத்துக்குள்ள ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமா அள்ள ஆரம்பிச்சதும் விலை மடங்கு மடங்கா ஏறிடுச்சு. க்ரூஷியல் பேர்ல கடைச் சரக்கு வித்துக்கிட்டிருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சிடுச்சு. அதனால முடிஞ்சா இப்பவே 16 ஜிபி. முடியலையா, 8 ஜிபியோட ஒரு காலி ஸ்லாட்டாவது இருக்கட்டும். இதைத்தாங்க அந்தப் பொண்ணு கேட்டுச்சு.

இன்டெல் மட்டும் உத்தமனா? ஐ3-என்305னு ஒண்ணு. எட்டு கோர்னு போட்டு விக்கிறாங்க. எட்டும் சின்ன கோர், மெமரிக்குப் போற பாதை, அதாவது சேனல், வேற ஒண்ணே ஒண்ணு. அதே ஐ3 பேர்ல 1215யூ, அதுல ரெண்டு பெரிய கோர், நாலு சின்னது. எண்ணிக்கையில ஆறுதான், ஆனா ஒரு ஃபைலைத் திறக்குறதுல ஆரம்பிச்சு அன்னாடம் பண்ற வேலையில இந்த ஆறு அந்த எட்டை ஓரம் கட்டிடும். 2022-ல ஐ5-1235யூ, 2023-ல 1335யூ, 2024-ல ‘ஐ’யையே தூக்கிட்டு ‘கோர் 5 120யூ’. பேர் வளர்ந்துக்கிட்டே போகுது, உள்ள மூணுலயும் அதே ரெண்டு பெரிய கோர், எட்டு சின்ன கோர். புதுசுக்கு ஆறாயிரம் கூட கேட்டா, அந்த ஆறாயிரத்தை ராமுக்குப் போடுங்க. கடைசி எழுத்து ஹெச்னு இருந்தா, உதாரணத்துக்கு 12450ஹெச், 13420ஹெச், நாலு பெரிய கோர் கிடைக்கும். பேட்டரி சீக்கிரம் தீரும், ஃபேன் கத்தும். கோடிங், சிமுலேஷன்னு போறவங்களுக்கு அதுவே தேவலை.

‘ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ்’னு பளபளன்னு ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, அது ஒரு தனிக் கூத்து. ராம் ரெண்டு சேனல்ல ஓடினாத்தான் அது ஐரிஸ் எக்ஸ்இ. ஒத்த ஸ்டிக் போட்டு விக்கிற லேப்டாப்ல டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்க, வெறும் ‘யூஹெச்டி’னு காட்டும். விளம்பரத்துல ஒரு பேர், வீட்டுக்கு வந்தா இன்னொரு பேர்.

ஸ்கிரீனைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்குறதில்ல. ‘ஃபுல் ஹெச்டி ஆன்டிகிளேர்’, முடிஞ்சது. 250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி கலர் அளவுங்கிறதைப் பொடி எழுத்துல கூடப் போட மாட்டாங்க. 45 சதவீதம்னா சிவப்பு சிவப்பா இருக்காது, செங்கல்லா இருக்கும். கோடு எழுதுறவங்க பொறுத்துக்கலாம். விஸ்காம், ஆர்க்கிடெக்சர் சேர்ற பிள்ளைக்கு இதை வாங்கிக் குடுக்கிறது பாவம். கடையில நேரா நின்னு பார்க்காதீங்க, மூடியைப் பின்னாடி சாய்ச்சுப் பாருங்க. படம் நெகட்டிவ் மாதிரி நிறம் மாறினா அது டிஎன் பேனல், திரும்பிப் பார்க்காம வந்துடுங்க.

ஊர்ல ஒரு சித்தப்பா இருப்பாரு, “மேக்புக் ஏர் வாங்கு, பத்து வருஷம் உழைக்கும்”பாரு. உழைக்கும், யாரு இல்லேன்னா? மெக்கானிக்கல் பையனோட சாலிட்வொர்க்ஸ் அதுல வராது, சிவில் பொண்ணோட ரெவிட்டும் வராது. பழைய இன்டெல் மேக் மாதிரி பூட்கேம்ப்ல விண்டோஸ் போடுற வழியும் இப்ப கிடையாது. மொதல்ல டிபார்ட்மென்ட் சீனியர் யாரையாவது பிடிச்சு என்ன சாஃப்ட்வேர் ஓட்டுவீங்கன்னு கேளுங்க, சித்தப்பாகிட்ட அப்புறம் பேசிக்கலாம்.

சரி, ஒரு வழியா தேர்ந்தெடுத்தாச்சு. பில் கவுன்டர். இங்கதான் ரெண்டாவது சுற்று. ‘நோ காஸ்ட் ஈஎம்ஐ’யாம். வட்டியை முன்கூட்டியே விலையில கழிச்சுக் காட்டிட்டு, பேங்க் அந்த வட்டியை வசூல் பண்ணும். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க தலையில. வட்டி 3,000 ரூபாய்னா வரி 540. ப்ராசஸிங் ஃபீ தனி, அதுக்கும் ஜிஎஸ்டி. ‘நோ காஸ்ட்’ல அந்த ‘நோ’ யாருக்குன்னு தெரியலை. அடுத்து ஆன்டிவைரஸ். விண்டோஸ்லயே டிஃபெண்டர் இருக்கு, காசு கிடையாது. “அது பத்தாது மேடம்.” எது பத்தாது, உங்க இன்சென்டிவா? அடுத்து ‘கம்ப்ளீட் வாரன்ட்டி’. அது கம்பெனியோடதா, கடையோடதான்னு கேளுங்க. கீழ போட்டு உடைச்சா செல்லுமான்னு கேளுங்க. வாரன்ட்டியை நீட்டிக்கிறது வேற, டேமேஜ் கவர் வேற. “ரெண்டும் ஒண்ணுதான் மேடம்”னு ஆரம்பிச்சா நான் பொறுப்பில்ல.

பெட்டியை அங்கயே பிரிக்கச் சொல்லுங்க. சீரியல் நம்பரை கம்பெனி சைட்ல போட்டு வாரன்ட்டி எந்தத் தேதியில இருந்து ஓடுதுன்னு பாருங்க. மூணு மாசம் முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருந்தா அது டிஸ்பிளே பீஸா இருக்கலாம், இல்ல ஒருத்தர் வாங்கித் திருப்பிக் குடுத்ததா இருக்கலாம். வேற பெட்டி கேளுங்க. எம்எஸ் ஆபீஸ் சேர்த்துக் குடுத்திருந்தா அது நிரந்தரமானதா, ஒரு வருஷ 365 சந்தாவான்னு பார்த்துட்டு, கையோட ஆக்டிவேட் பண்ணிடுங்க. ஆறு மாசம் தூங்கினா கெடு போயிடும்.

அந்த அம்மாவும் பொண்ணும் என்ன வாங்கினாங்கன்னுதானே கேக்குறீங்க? 7520யூ-தான் வாங்கினாங்க. மூவாயிரம் மிச்சம். அந்த மூவாயிரத்துக்கு ஆன்டிவைரஸ், ஸ்கிரீன் ப்ரொடெக்டர், ஒரு மவுஸ். பேக் ஃப்ரீ.

இதுக்கு மேல கத்தத் தெம்பு இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். பத்து ரூபாய் பென் டிரைவ் மூடி வாங்கினாலும் “மொபைல் நம்பர் சொல்லுங்க”ன்னு கேட்கிறாங்களே, எதுக்கு? “நம்பர் இல்லாம பில் வராது சார்.” நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாசமே கடைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. அவங்க சிஸ்டத்துக்கு மட்டும் இன்னும் தகவல் போகலை. சரின்னு சொல்லித் தொலைச்சா அன்னைக்கு ராத்திரியே மெசேஜ்: ‘அன்பு வாடிக்கையாளரே, புது லேப்டாப் வாங்க இதுவே சரியான நேரம்!’ இப்பத்தானேடா வாங்கினேன்?