பத்து நிமிஷம் கண்மூடினால் நாலு மணி நேரத் தூக்கமா?

"படித்துறையில் பத்து நிமிஷம் கண்மூடி உட்காருங்கள், நாலு மணி நேரம் தூங்கியதற்குச் சமம்." நெல்லைப் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. எங்கள் சித்தப்பா ரெண்டு தடவை அனுப்பிவிட்டார்.

தவறான தகவல். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். கண் சொருகுவதற்கு அது முக்கியக் காரணம். காப்பி அதன் வேலையைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். கணக்கைத் தீர்ப்பது தூக்கம். பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் பரிந்துரைத்தன. ராத்திரி லோடு ஏற்றித் தென்காசி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர் இந்தச் செய்தியை நம்பினால் என்ன ஆகும்? எனக்கு அதுதான் பயம்.

அதற்காகச் சும்மா உட்காருவது வீண் என்று சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆய்வாளர் மிக்கேலா டூவர் குழுவினர் முதியவர்களுக்குச் சிறுகதைகளைச் சொல்லி, ஒரு கதைக்குப் பின் 10 நிமிஷம் அமைதியாக இருக்கவிட்டார்கள். இன்னொன்றுக்குப் பின் விளையாட்டு கொடுத்தார்கள். 7 நாள் கழித்தும் அமைதிக்கு முன் கேட்ட கதையே கூடுதலாக நினைவில் இருந்தது. 2012இல் வெளியான ஆய்வு அது.

முக்கூடலில் பீடி சுற்றும் அக்காமார் சுளகை மடியிலிருந்து இறக்கிவைத்து, வாசல் வேம்பைப் பார்த்துக் கொஞ்ச நேரம் இருப்பார்கள். படித்துறைக்குப் போக அவர்களுக்கு ஏது நேரம்? அந்த இடைவெளி போதும். ராத்திரித் தூக்கம் தனிக் கணக்கு.