4763-ம் 4736-ம் ஒன்றா?

நேற்றுப் போட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். போக்குவரத்துப் போலீஸ் எனக்கு எழுதிக் கொடுத்த அபராதச் செலானையும் என் நம்பர் பிளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தது. கீழே வந்த கமெண்டுகளில் பாதி 'கட்டிட்டுப் போய்யா' ரகம். ஒரு நண்பர், நேரில் பார்த்தால் தோளில் கைபோட்டுப் பேசுகிறவர், 'ஓட்டை தேடித் தப்பிக்கிற கூட்டம்' என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும்.

என் வண்டி எண் 4763 என்று முடியும். செலானில் 4736. வண்டி கறுப்பு, செலானில் வெள்ளை. என்னை நிறுத்தியது செவ்வாய் மாலை, செலானில் புதன்கிழமைத் தேதி. அதாவது நாளைக்குச் செய்யப்போகிற குற்றத்துக்கு இன்றைக்கே அபராதம். எழுதியவருக்கு ஞானதிருஷ்டி இருந்திருக்கலாம், மறுக்கவில்லை.

படத்தோடு சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான் முதலில் கட்டத்தான் போனேன். அன்றிரவே போனை எடுத்து, செலான் கட்டும் தளத்தில் என் வண்டி எண்ணைப் போட்டேன். 'நிலுவை எதுவும் இல்லை' என்று வந்தது. சரி என்று 4736-ஐப் போட்டேன். அங்கே இருந்தது. உரிமையாளர் பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிந்தன, நடுவில் வரிசையாக நட்சத்திரக் குறிகள். அந்த நட்சத்திரங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கட்டினால், யாரென்றே தெரியாத அந்த மனிதரின் வண்டிக் கணக்கில் ஒரு குற்றம் ஏறி உட்காரும். கட்டாவிட்டால், அவர் போகாத தெருவுக்காக அவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். இதில் நான் தப்பிக்கிற ஓட்டை எங்கே இருக்கிறது, நண்பரே?

மறுநாள் கவுன்ட்டரில் இதைத்தான் சொன்னேன். அங்கே இருந்தவர் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சின்ன டைப்பிங் மிஸ்டேக் சார். பெருசு பண்ணாதீங்க."

எழுத்துப்பிழை இருந்தாலே செலான் செல்லாது என்று நான் சொல்லவில்லை. பெயரில் ஒரு கால் விடுபட்டதற்கெல்லாம் பொதுவாக நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிவிடுவதில்லை, திருத்திக்கொள்ளச் சொல்லும். அது நியாயம்தான். ஆனால் எந்த வண்டி, எந்த நாள், எந்த இடம், என்ன குற்றம் என்பதுதானே செலான்? அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் தாள். அபராதம் கட்டுவது பல இடங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். நான் எதை ஒப்புக்கொள்வது? புதன்கிழமை வெள்ளை வண்டியில் போனதையா?

'கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒரு தம்பி ஆறுதல் சொல்லியிருந்தார். அயர்லாந்துப் போலீசின் கம்ப்யூட்டரிலும் ஒரு காலத்தில் ஒரு மகா குற்றவாளி இருந்தார். பெயர் 'பிராவோ யாஸ்டி'. ஐம்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள், ஒவ்வொரு முறையும் வேறு முகவரி. கடைசியில் பார்த்தால், போலந்து மொழியில் அதற்கு 'ஓட்டுநர் உரிமம்' என்று அர்த்தம். அட்டையின் தலைப்பைப் பெயர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்காக 2009-இல் அந்தப் போலீசுக்கு இக் நோபல் என்ற கேலிப் பரிசே கொடுத்தார்கள்.

அது சிரிப்பு. சிரிக்க முடியாததும் உண்டு. 1979-இல் கலிபோர்னியாவில் ஒருவர் சிறப்பு எண்ணுக்கு விண்ணப்பித்தார் (அங்கே விரும்பிய சொல்லையே நம்பர் பிளேட்டில் போட்டுக்கொள்ளலாம்). இரண்டு விருப்பம் எழுதிவிட்டு, அவை கிடைக்காவிட்டால் சிறப்பு எண்ணே வேண்டாம் என்ற அர்த்தத்தில் மூன்றாவது கட்டத்தில் 'நோ பிளேட்' என்று எழுதினார். அதையே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் நம்பர் பிளேட் இல்லாமல் நின்ற வண்டிகளுக்கெல்லாம் 'நோ பிளேட்' என்று எழுதிய சீட்டுகள் இவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. ஆயிரக்கணக்கில். என் 4736-காரரும் நாளைக்கு இப்படித்தான் உறையைப் பிரித்து முழிப்பார்.

'சரி, நீ தப்பாகத் திரும்பினாயா இல்லையா?' திரும்பினேன். மறைக்கவில்லை. 'வலப்பக்கம் திரும்பாதே' பலகையின் மேல் கிளை படர்ந்து அம்புக்குறியின் வால் மட்டும்தான் தெரிகிறது. ஆனால் என் வாதம் அது இல்லை. (இருந்தாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.) 4763 என்று திருத்தித் தாருங்கள், அந்த நிமிடமே கட்டுகிறேன். எழுதியே கொடுத்துவிட்டேன்.

'அவங்க நாள் முழுக்க வெயிலில் நிற்கிறாங்க, கை தவறாதா?' தவறும். எனக்கும் தவறும். தவறியதற்கு நான் கோபப்படவே இல்லை. காட்டிய பிறகும் குனிந்து பார்க்கவில்லையே, அதற்குத்தான்.

ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்டால், அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரின் கடைசி எழுத்து பள்ளிச் சான்றிதழில் 'ன்', வங்கிக் கணக்கில் 'ம்'. யாரோ ஒரு குமாஸ்தா என்றைக்கோ எழுதியது. அவர் இருந்தவரை அது ஒரு பிரச்சினையே இல்லை. அவர் போன பிறகு, அந்த 'ன்'னும் இந்த 'ம்'மும் ஒரே ஆள்தான், நாற்பது வருஷம் தன்னோடு வாழ்ந்தவர்தான் என்று நிரூபிக்க அம்மா பதினொரு மாதம் மேசை மேசையாக நடந்தாள். பிரமாணப் பத்திரத்தில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். "கண்ணாடி போட்டுப் பார்த்து எழுதக் கூடாதாம்மா" என்று ஒருவர் கேட்டார். எழுதியது அவள் இல்லை. அன்றைக்கு அந்த மேசைகளில் ஒருவருக்காவது 'சின்ன டைப்பிங் மிஸ்டேக்' என்ற வார்த்தை தெரிந்திருக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு புள்ளி பிசகினால் மோசடி. அவர்கள் பக்கம் வண்டியே மாறினாலும் கைத்தவறு.

அரை நாள் லீவு வீண் என்கிறீர்கள். என் லீவு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

மனு கொடுத்தாயிற்று. செலானின் இரண்டு பக்கமும் படம், ஆர்.சி. நகல், கிளை மறைத்த பலகையின் படமும்தான். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் 4736 என்று முடிகிற வெள்ளை வண்டிக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பியது அவர் இல்லை, நான்தான். எங்கே வந்து வேண்டுமானாலும் சொல்கிறேன்.