மணிக்கட்டைப் பாருங்கள், பலகையை அல்ல

தற்காப்பு வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி மேடையில் பலகையைக் குத்தி உடைக்கும் அந்த வீடியோவுக்குக் கீழே நான் எழுதியது மூன்றே வரி. "குழந்தையின் கட்டைவிரல் முஷ்டிக்குள் இருக்கிறது. மணிக்கட்டு மடங்குகிறது. தயவுசெய்து பலகையில் குத்த வைக்காதீர்கள்." அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொறாமை என்றார்கள். பெண் பிள்ளை தைரியமாக வளர்வது உங்களுக்குப் பொறுக்கவில்லையா என்றார்கள். "மாஸ்டருக்கே சொல்லிக் கொடுக்க நீங்க யாரு மேடம்" என்று ஒருவர். இரவு முழுக்கத் தூக்கமில்லை. மூன்று வரியில் சொன்னது தப்பு போலிருக்கிறது, முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் பலகை உடைந்ததைப் பார்த்தீர்கள். நான் கையைப் பார்த்தேன். முதல் குத்தில் முஷ்டி கீழே வழுக்கிப் போகிறது. குழந்தை கையை உதறுகிறாள். மாஸ்டர் "மறுபடி" என்கிறார். இரண்டாவதில் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். மூன்றாவதில் பலகை உடைகிறது, கூட்டம் கைதட்டுகிறது. அவள் வலது கையை இடது கைக்குள் பொத்திக்கொண்டுதான் கும்பிடுகிறாள். ஒன்பது வயது இருக்குமா?

நேர்க்குத்து என்பது வேகத்தில் ஆரம்பிப்பதில்லை. முஷ்டி மடக்குவதில் ஆரம்பிக்கிறது. விரல்களை நுனியிலிருந்து இடைவெளி இல்லாமல் சுருட்டி, கட்டைவிரலை வெளியே, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கிய இடத்தின் மேல் குறுக்கே போட வேண்டும். உள்ளே விட்டால் அடி விழும் நொடியில் நான்கு விரலும் சேர்ந்து அதை நசுக்கும். அப்புறம் மணிக்கட்டு. முழங்கையிலிருந்து விரல் முட்டி வரை மேலே ஒரு ஸ்கேல் வைத்தால் படிய வேண்டும். மேலேயும் மடங்கக் கூடாது, கீழேயும் மடங்கக் கூடாது.

அடி முதல் இரண்டு முட்டியில், அதாவது ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டியில்தான் விழ வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? இப்போதே உங்கள் கையில் பாருங்கள். சுண்டு விரல் முட்டியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடும். ஆள்காட்டி விரல் முட்டி ஆடாது. அந்த இரண்டு விரல்களின் எலும்பும் மணிக்கட்டு எலும்புகளோடு இறுகப் பொருந்தியிருக்கின்றன. மணிக்கட்டு மடங்கினாலோ குத்து வழுக்கினாலோ, ஆடுகிற பக்கத்தில் மொத்த பாரமும் இறங்கும். சுண்டு விரலுக்குப் பின்னால் புறங்கையில் இருக்கும் எலும்பு, முட்டிக்குச் சற்றுப் பின்னால் முறியும். டாக்டர்கள் இதை 'பாக்சர்ஸ் ஃபிராக்சர்' என்றே சொல்கிறார்கள். அதிலும் வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையருகே இன்னும் மெல்லிய வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எனக்குப் பதினாலு வயதில் ஆண்டு விழா. ஆறு ஓடு அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்று மாதமாகக் கட்டாவும் (வரிசையாகச் செய்யும் கராத்தே அசைவுகள்) உடற்பயிற்சியும் செய்தோமே தவிர, முஷ்டியை ஒரு நாளும் யாரும் பிடித்துத் திருத்தியதில்லை. நாலு ஓடு உடைந்தது. "ஐஸ் வை, சரியாகிடும்" என்றார் எங்கள் மாஸ்டர். வீட்டில் சொல்லவில்லை. ராத்திரி ரசஞ்சோற்றைப் பிசைய முடியாமல் விரல் நுனியால் நான் அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து அம்மாதான் கையைப் பிடித்துத் திருப்பினாள். புறங்கை இட்லி மாதிரி உப்பியிருந்தது. ஒரு மாதம் மாவுக்கட்டு. அரையாண்டுப் பரீட்சை எழுதவில்லை.

அப்புறம் வேறொரு மாஸ்டரிடம் போனேன். மூன்று வாரம் எதையுமே குத்த விடவில்லை. மணிக்கட்டின் மேல் ஒரு ஐம்பது காசை வைத்து, அது விழாமல் கையை மெதுவாக நீட்டச் சொன்னார். பின்னங்காலின் குதிகால் தரையைத் தள்ள வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், தோள் வர வேண்டும், முழங்கை விலாவை உரசிக்கொண்டே போக வேண்டும், முஷ்டி எல்லாவற்றுக்கும் கடைசி. போகும்போது கை தளர்வாக இருக்கும், படும் நொடியில் மட்டும் இறுகும், மூச்சு வெளியேறும், போன வழியிலேயே திரும்பி வரும். குத்து காலிலிருந்து வருகிறது, மணிக்கட்டு அதைக் கொண்டு போய்ச் சேர்க்கிறது என்று நாள் தவறாமல் சொல்வார். பாலம் உடைந்தால் வண்டி எப்படிப் போகும்?

"தெருவில் ஒருத்தன் கையைப் பிடித்தால் மணிக்கட்டை அளந்துகொண்டா நிற்பாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்க மாட்டாள். அதனால்தான் வகுப்பில் ஆயிரம் தடவை சரியாகச் செய்திருக்க வேண்டும் என்கிறேன். மைக் டைசன் 1988இல் குத்துச்சண்டை உலக சாம்பியனாக இருந்தபோது, நியூயார்க் ஹார்லெம் தெருவில் கிளவுஸ் இல்லாமல் ஒருவரைக் குத்தி வலது கை எலும்பை முறித்துக்கொண்டார். டைசனுக்கே அந்தக் கதி. உண்மையிலேயே தற்காப்புதான் நோக்கம் என்றால், அந்த வயதில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கில் அடிக்கக் கற்றுக்கொடுங்கள். அதில் விரல் எலும்பு முறியும் ஆபத்து குறைவு. ஆனால் அது மேடையில் எடுபடாது.

கராத்தே பிறந்த ஜப்பானின் ஒகினாவாவில் பலகையில்தானே குத்திப் பழகுகிறார்கள் என்று ஒருவர். அவர்கள் குத்துவது மக்கிவாரா. அந்தப் பெயருக்கே வைக்கோல் சுற்றியது என்றுதான் பொருள். நட்டு வைத்த கம்பம், அடித்தால் பின்னால் வளைந்து கொடுக்கும். பழகியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் செய்வது. மேடையில் இரண்டு பேர் இறுக்கிப் பிடித்த பலகை இல்லை அது. பழைய குத்துச்சண்டை சாம்பியன் ஜாக் டெம்ப்சி கடைசி மூன்று முட்டியால் குத்தச் சொன்னாரே என்கிறார் இன்னொரு நண்பர். சரி, சொன்னார். அங்கே கட்டைவிரல் பக்கம் மேலே இருக்க முஷ்டி நிமிர்ந்து நிற்கும், அது வேறு கணக்கு. அதிலும் மணிக்கட்டு மடங்கினால் போச்சு.

பொறாமை என்றதற்கு என்ன சொல்வது? இருபது வருஷமாக வீட்டு மொட்டை மாடியில் காசு வாங்காமல் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்களிடம் கோப்பை இல்லை, மேடை இல்லை. யாருக்கும் கை முறிந்ததில்லை. பெண் பிள்ளைகள் தைரியமாக வளர்வது பொறுக்காதவள் என்று என்னைச் சொன்னீர்களே, அதுதான் தாங்கவில்லை.

அந்த வீடியோவில் என்னை அதிகம் உறுத்தியது குத்துகூட இல்லை. கடைசியில் மாஸ்டர் மைக்கில் சொல்கிறாரே, "வலிக்குதுன்னு சொல்லவே மாட்டா, அதான் வீராங்கனை" என்று. தொட்டால் கத்து, வலித்தால் சொல், பயந்தால் ஓடு என்று சொல்லித் தரத்தானே அவளை அங்கே அனுப்பினார்கள்? வலியை வெளியே காட்டாமல் இருக்க வீட்டிலும் பள்ளியிலும் ஏற்கெனவே போதுமான அளவு கற்றுக்கொடுத்தாகிவிட்டது. தற்காப்பு வகுப்பிலுமா? நானும் அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை வலிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழந்தையின் வீட்டார் யாராவது இதைப் படித்தால், என்மேல் கோபம் இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று செய்யுங்கள். சுண்டு விரல் பக்கம் புறங்கையை மெதுவாக அழுத்திப் பாருங்கள். முஷ்டி மடக்கச் சொல்லி, நான்கு முட்டியும் மேடாகத் தெரிகிறதா என்று எண்ணுங்கள். மூன்றுதான் தெரிந்தால் இன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். என் கையில் மூன்றுதான் தெரியும்.