படகு வீட்டுக்கு அளவுநாடா

கடைகளுக்கும் படகு வீடுகளுக்கும் நகராட்சி வருடாந்திர உரிமக் கட்டணத்தை நிர்ணயிக்கும் காலம் வந்தாலே எரிச்சலாக வருகிறது. கட்டணம் கேட்பது தப்பில்லை. ஆய்வுக்கு ஆள் வர வேண்டும், பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும், செலவு இருக்கத்தான் செய்யும். ஆனால் வரி வேறு, கட்டணம் வேறு. செய்யும் வேலைக்கு ஈடாக வாங்குவதுதான் கட்டணம். அந்த வேலைக்கு எவ்வளவு ஆகிறது என்ற கணக்கைக் கேட்டால் மட்டும் பதிலில்லை. பழைய தொகையோடு கொஞ்சம் கூட்டிப் போட்டு, தீர்மானம் நிறைவேறியது என்று முடித்துவிடுகிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் ஒற்றை ஆள் தையல் கடையும் பேரங்காடியும் ஒன்றாகிவிடும். சரி, பரப்பளவை வைத்துப் போடலாம் என்றால், சரக்கு அடுக்க இடம் வேண்டிய மரக்கடைக்காரர் மாட்டிக்கொள்கிறார்.

படகு வீட்டில் குடியிருப்பவர் பாடு இன்னும் மோசம். அங்கே நீளத்தை அளக்கிறார்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுக்கானும் அந்த நீளத்தில் சேருமா என்று ஒரு வாக்குவாதம். சுக்கானில் யார் ஐயா பாய் விரித்துப் படுக்கப் போகிறார்கள்? படகைக் கட்டிவைக்கும் இடத்துக்குத் தனிக் காசு, கழிவுத் தொட்டியைக் காலி செய்யத் தனிக் காசு. இவ்வளவும் கட்டிவிட்டு முகவரிச் சான்று கேட்டால், "படகெல்லாம் முகவரி ஆகாதுங்க" என்கிறார்கள். பணம் வாங்கும்போது மட்டும் அது வீடு!

அப்புறம் அந்தப் புதுப்பித்தல் அறிவிப்பு. அது ஆடி அசைந்து வந்து சேரும். தாமத அபராதம் மட்டும் கெடு முடிந்த மறுநாளே கணக்கில் ஏறிவிடும்.