கரட்டுப் பாதைக்கு கேட் வேண்டாம்

வருகிற ஜனவரி 26 கிராம சபையில் எங்கள் நகருக்குப் பின்னால் இருக்கும் கரட்டில், அதாவது சிறு பாறைக் குன்றில், நாங்களே வெட்டிய நடைபாதையைப் பற்றிப் பேசப் போகிறார்கள். சுற்றிலும் கம்பி வேலி, முகப்பில் கேட், பாதை முழுக்க பேவர் பிளாக், காலையில் 3 மணி நேரமும் மாலையில் 3 மணி நேரமும் திறப்பு. இதுதான் யோசனை. கேட்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தவர்கள். ஆனாலும் எனக்கு இதில் சம்மதம் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரியில் சொன்னால் சண்டை போடுவது போல ஆகிவிடுகிறது. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையை ஒட்டிய மனைப்பிரிவு எங்களுடையது. சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. எங்களுக்கும் அப்படி ஒதுக்கினார்கள். வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் 'பூங்கா' என்று இருக்கும். நேரில் போனால் சீமைக்கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும்தான். அதற்குப் பின்னால் கரடு. கிராமக் கணக்கில் அது கல்லாங்குத்துப் புறம்போக்கு, அதாவது பயிர் செய்ய முடியாத கல் நிறைந்த பொது நிலம்.

நடக்க எங்களுக்கு வேறு இடம் இல்லை. ஒகேனக்கல் போகிற வண்டிகள் விடியற்காலையிலேயே சாலையில் பறக்க ஆரம்பித்துவிடும். 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தபோது மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அறுபது வயது அம்மா ஒருவர் நடப்பதற்காகத் தினமும் பஸ் ஏறிப் போக முடியாது. பாதை வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம், நிலம் யாருடையது என்று காட்டும் அ பதிவேடும் எல்லையைக் காட்டும் புலப்படமும் பார்த்தோம். சர்வேயர் வந்து எல்லை காட்டினார். அக்டோபர் 2 கிராம சபையில் கரட்டில் பாதை போடத் தீர்மானம் போட்டார்கள். தை மாதம் வேலையை ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் 12 பேர், சில நாள் 15 பேர். கடப்பாரை, மண்வெட்டி, களைக்கொத்தி, கொடுவாள், மண் அள்ள நாலு பாண்டு. ஒரு காலைக்கு 200 அடி போனால் அது நல்ல நாள். முள்ளை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். விட்டால் ஆடிக்குள் இரண்டு பங்காகத் துளிர்த்துவிடும். உன்னிச்செடியும் அப்படித்தான். ஆவாரை, விராலி, சீத்தா மூன்றிலும் கை வைக்கவில்லை. ஒரு புதருக்கடியில் கௌதாரி முட்டை இருந்தது. அந்த இடத்தில் பாதையை இருபதடி தள்ளிக்கொண்டோம்.

நாங்கள் செய்த பெரிய தவறையும் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து உச்சிக்கு நேராக, நூல் பிடித்த மாதிரி ஒரு பாதை வெட்டினோம். பார்க்க அழகாக இருந்தது. சித்திரையில் ஒரு ராத்திரி கோடை மழை அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் பாதை இல்லை, முழங்கால் ஆழத்துக்கு ஒரு ஓடைதான் இருந்தது. ஐந்து வார உழைப்பு அடிவாரத்தில் செம்மண் சேறாகக் கிடந்தது.

எங்கள் தெரு கொத்தனார் அண்ணன்தான் வழி காட்டினார். "தண்ணி எறங்குற வழியில நாம நடக்கக் கூடாது தம்பி. அதுக்குக் குறுக்கால நடக்கணும்" என்றார். அடுத்த ஞாயிறு டியூப் லெவலோடு வந்தார். கட்டடத்துக்கு மட்டம் பார்க்கிற அதே குழாய். கரட்டின் வயிற்றைச் சுற்றிப் பாதை போகிற மாதிரி குச்சி நட்டுக்கொண்டே போனோம். பன்னிரண்டு அடிக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் கிடையாது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டும்போது பார்க்கிற கணக்கும் அதுவே. நாலடி அகலத்தில் வெளி ஓரம் இரண்டு அங்குலம் தாழ்வு. ஒவ்வொரு 50 அடிக்கும் பாதை சற்றே இறங்கி மறுபடி ஏறும். மழைநீர் ஓட்டம் பிடிப்பதற்குள் அந்தத் தாழ்வில் வெளியேறிப் புல்லில் பரவிவிடும். மலைப்பகுதிகளில் நல்ல ஒற்றையடிப் பாதைகள் நூறு வருடம் நிற்பதும் இப்படித்தான். ஐப்பசி மழை முழுவதையும் எங்கள் பாதை தாங்கியது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஓரம் சரிந்தது.

இப்போது அதன் மேல் பேவர் பிளாக் என்கிறார்கள். பிளாக் நகராமல் இருக்க இரண்டு ஓரமும் கல் வைத்துக் கட்ட வேண்டும். வைத்தால் தண்ணீர் வெளியேற வழியில்லை, பாதையே வாய்க்காலாகிவிடும். அடியில் கொட்டிய மணலை அரித்துக்கொண்டு போனால் பிளாக் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பிக்கும். சரிவில் ஆடுகிற பிளாக்கில் வயதானவர் கால் வைத்தால் என்ன ஆகும்?

வயதானவர்களைப் பற்றிப் பேசும்போது எங்கள் மாவட்டத்து முழங்கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் கறை, பிறகு எலும்பிலும் மூட்டிலும் இறுக்கம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது. அதற்கு முன் போர்த் தண்ணீரையே குடித்து வளர்ந்த தலைமுறை இப்போதும் குனிய முடியாமல், படி ஏற முடியாமல் நம்மோடு இருக்கிறது. அதனால்தான் பாதையில் ஒரு படிகூட வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேன். எதிர் வீட்டு ஆயா மண் பாதையில் குச்சி ஊன்றி இரண்டாம் வளைவு வரை வருகிறார். "சிமெண்டு ரோட்டுல நடந்தா கால் கடுக்குது கண்ணு, இங்க அப்படி இல்ல" என்று அவரே சொன்னார்.

அடுத்து வேலி. நாங்கள் இங்கே குடிவருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே கீழூர்க்காரர்கள் இந்தக் கரட்டில் ஆடு மேய்க்கிறார்கள். புளி உலுக்க வருகிறார்கள், சீத்தாப்பழம் பறிக்கிறார்கள். குச்சி நடும்போது ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "எல்லாத்தையும் வளைச்சிப் போடப் போறீங்களா?" இல்லை அக்கா, நடக்க மட்டும்தான் என்று வாக்குக் கொடுத்தேன். பதினேழு ஞாயிறு வியர்வை சிந்தினோம் என்பது உண்மை. அதற்காக நிலம் எங்களுடையது ஆகிவிடாது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே திருப்பித் தரும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மனை வாங்கியவர்கள் மட்டும் நடக்கும்படி வேலி போட்டுப் பூட்டினால், நாம் செய்வதும் வளைத்துப் போடுவதுதான்.

குடிகாரர்கள் வருவார்கள் என்ற பயத்தை நான் ஒதுக்கவில்லை. பெண்கள் அதைச் சொல்லும்போது கவனமாகக் கேட்க வேண்டும். ஆனால் பாட்டில்கள் குறைந்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். ஆட்கள் நடக்க ஆரம்பித்த பிறகுதான். பூட்டிய கேட்டை ஏறிக் குதிப்பவன் குடிக்க வருகிறவன்தான். ஆயா குதிக்க மாட்டார். கீழ்ப் பகுதியில் இரண்டு சோலார் விளக்கு கேட்போம், முட்புதரைப் பாதையிலிருந்து பத்தடி தள்ளியே வைத்திருப்போம். தூரத்திலிருந்தே ஆள் முகம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். அந்தப் பணத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடை குறுக்கிடும் மூன்று இடத்தில் கல் பாவலாம். நூறடிக்கு ஒரு கல் பலகை போடலாம், முழங்கால் வலிப்பவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து போவார்கள். ஆட்டுக்கும் சேர்த்து அடிவாரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டலாம். இதை எழுதி ஊராட்சியில் கொடுக்கப் போகிறேன். சேர்ந்து கையெழுத்துப் போட விரும்புபவர்கள் சொல்லுங்கள். கேட் வேண்டும் என்பவர்களும் 26ஆம் தேதி கட்டாயம் வாருங்கள், நேரில் பேசுவோம்.

அதற்கு முன் வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, சரிந்த ஓரத்தைச் சரி செய்கிறோம். தாழ்வுகளில் படிந்த மண்ணையும் வாரிப் போட வேண்டும். களைக்கொத்தி இருந்தால் எடுத்து வாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கல் புரட்டும்போது தேள் இருக்கும். வேலை முடிந்ததும் ஆயா கேழ்வரகுக் கூழ் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.