சிறுநீர் டியூப் எடுத்தப்புறம்தான் கதையே ஆரம்பிக்குது
ரோபோ சர்ஜரின்னா ரெண்டு நாள்ல வீடு, ஒரே வாரத்துல பழையபடி ஆயிடலாம்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி எங்க வீட்ல நடக்கல. அப்பாவுக்கு ப்ராஸ்டேட் (ஆம்பளைங்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்குற சுரப்பி) கேன்சர்னு ரோபோ வச்சு அந்த சுரப்பிய முழுசா எடுத்தாங்க, வயித்துல 6 சின்ன ஓட்டை, தொப்புள் கிட்ட மட்டும் கொஞ்சம் பெருசு, அது வழியாத்தான் சுரப்பிய வெளிய எடுத்தாங்களாம், மறுநாளே நடந்துட்டார், தையல் வலிய விட ஆபரேஷனப்போ வயித்த உப்ப வைக்க உள்ள அடிச்ச கேஸால வந்த தோள்பட்டை வலிதான் ஆள படுத்தி எடுத்துச்சு. ஆனா சிறுநீர் டியூப் 10 நாள் இருந்துச்சு, லுங்கியோட சேத்து பையையும் பிடிச்சுக்கிட்டேதான் நடப்பார், டியூப எடுத்தப்புறம் தும்மினா சொட்டும் இருமினா சொட்டும், 4 மாசம் பேட் வச்சுக்கிட்டு கல்யாணம் காட்சி எதுக்கும் வரமாட்டேன்னுட்டார், சிறுநீர அடக்கிப் பிடிக்கிற இடுப்புத்தள தசைய இறுக்கி விடுற பயிற்சி செஞ்சுதான் சரியாச்சு, அதை ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கலாம்ல. ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல, வயித்தைக் கிழிச்சுப் பண்ற ஓபன் சர்ஜரியோட ஒப்பிட்டுப் பாத்து 2016ல வெளியிட்ட ஆய்வுலயும் ரோபோல ரத்தம் கம்மியாத்தான் போச்சு, ஆனா 12 வாரம் கழிச்சு சிறுநீர் கட்டுப்பாடு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மேல கமெண்ட்ல ஒருத்தர் மெஷின் தப்பா வெட்டிட்டா என்ன பண்றதுன்னு கேட்டிருக்கார், அது தானா எதையும் வெட்டாதுங்க, டாக்டர்தான் கன்சோல்ல, அதாவது ரோபோவ இயக்குற மேசைல உக்காந்து ஓட்டுறார், அதனால மெஷினப் பத்தி கேக்குறத விட அந்த டாக்டர் இதுவரை எத்தனை ரோபோ ஆபரேஷன் பண்ணிருக்கார்னு கேளுங்க.